சம்பளம் மறைக்கும் நட்டம்

வேலையை விடாமல் தொழில் தொடங்குவது நல்ல வழி. மாதச் சம்பளம் வருகிறவரை அடுப்பு எரியும், கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதே சம்பளம் தொழிலின் நட்டத்தையும் மூடி மறைக்கிறது. தன் உழைப்புக்குக் கூலி போடாமல் விலை வைப்பதுதான் இப்படித் தொடங்குவோர் செய்யும் பெரிய பிழை. அதை எண்களில் பார்ப்போம். சம்பளம், மளிகை விலை, வாடகை ஆகியவை எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. சட்ட வரம்பு, கட்டணம், வரி ஆகியவை 2025-26 நிதியாண்டு நிலவரம்.

முன்னால் போனவர்

ராயபுரத்தில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் புள்ளியியலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ.வும் படித்தவர் முருகவேல் ஜானகிராமன். அமெரிக்காவில் கணினி வேலையில் இருந்தபடியே 1997-ல் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் வரன் தேடும் பகுதிக்குத்தான் வரவேற்பு இருந்தது. 2000-ஐ ஒட்டி வந்த டாட்காம் சரிவில் வேலை போனபோது, அதையே முழுநேரத் தொழிலாக்கினார். யாஹூவும் கானான் பார்ட்னர்ஸும் முதலீடு செய்தது 2006-ல். அவருடைய நிறுவனமான மேட்ரிமோனி டாட் காமின் பங்கு ஒன்று 985 ரூபாய் விலையில் சந்தைக்கு வந்தது 2017 செப்டம்பரில்.

சம்பளத்தின் துணையில் ஏறக்குறைய 3 ஆண்டு, வெளி முதலீடு வர 9 ஆண்டு, பங்குச் சந்தைக்கு 20 ஆண்டு. அந்த முதல் மூன்று ஆண்டில் எதற்கு வாடிக்கையாளர் வருகிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சம்பளம் வாங்கித் தந்த பெரிய சரக்கு அதுதான்.

நேரக் கணக்கு

மயிலாப்பூரில் குடியிருந்து ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவரின் ஒரு வாரம்:

மொத்தம்: 168 மணி
அலுவலகம்: 45
போக்குவரத்து: 10
தூக்கம்: 49
சாப்பாடு, குளியல், வீட்டு வேலை: 35
மிச்சம்: 29

இந்த 29-ல் பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம், விசேஷம், உடல்நலக் குறைவு எல்லாம் அடக்கம். தொழிலுக்கு 10 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் நல்லது. அதற்கு மேல் எடுப்பது தூக்கத்திலிருந்தோ குடும்பத்திலிருந்தோதான் வரும்.

மாதம் 60,000 ரூபாய் சம்பளம் என்றால் வாரத்துக்கு 13,846 ரூபாய். பயணத்தையும் சேர்த்து 55 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 252 ரூபாய். இந்த 252-ஐ நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பொடிக் கணக்கு

இதே ஆள் சனி, ஞாயிறில் 10 கிலோ இட்லி மிளகாய்ப் பொடி போட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் பாக்கெட் 50.

உளுத்தம்பருப்பு 5 கிலோ: ரூ.700
கடலைப்பருப்பு 3 கிலோ: ரூ.300
வற்றல் மிளகாய் 2 கிலோ: ரூ.500
எள் அரை கிலோ: ரூ.120
பெருங்காயம், உப்பு, எண்ணெய்: ரூ.180
கேஸ், மில் அரைப்புக் கூலி: ரூ.250
கவர், லேபிள் (ஒன்றுக்கு ரூ.6): ரூ.300
மொத்தம்: ரூ.2,350

பாக்கெட் 90 ரூபாய். ஐம்பதில் 45 விற்று, 5 தேங்கியதாகக் கொள்வோம். வரவு 4,050.

மாட வீதிக் கடையில் 20 சதவீதக் கமிஷனுக்குப் போட்டால் 810 போகும், கையில் 890. உழைப்பு 9 மணி. மணிக்கு 99 ரூபாய். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நேரடியாகக் கொடுத்தால் கையில் 1,700. கொண்டுபோய்க் கொடுப்பதையும் சேர்த்து 10 மணி நேரம்; மணிக்கு 170.

கையில் 1,700 நிற்பதால் இதை லாபம் என்று நம்பிவிடுகிறோம். 252-ஐப் பக்கத்தில் வைத்தால்தான் நட்டம் தெரியும். விலையை 110 ஆக்கி அதே 45 பாக்கெட் விற்றால் கையில் 2,600, மணிக்கு 260. இருபது ரூபாய்தான் வித்தியாசம். 110 கொடுத்து வாங்க ஆள் இல்லையென்றால் அதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. சம்பளம் இருக்கும்போது அந்தப் பாடம் மலிவு.

அரசுக் கட்டணம்

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். பொருள் விற்போருக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. வரம்பு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். ஆனால் பெங்களூருக்கு ஒரு பொடிப் பாக்கெட்டை விற்று அனுப்பினாலும் அது மாநிலம் கடந்த விற்பனை. வரம்பைப் பார்க்காமல் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வேலை நியமன உத்தரவைப் படியுங்கள். மத்திய அரசு ஊழியர் அனுமதியின்றித் தனித் தொழில் செய்வதை 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 15-ஆம் விதி தடுக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 1973-ஆம் ஆண்டு விதிகள். 2022-ல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை விப்ரோ நீக்கியது. எழுத்தில் அனுமதி வாங்க ஒரு பைசா செலவில்லை.

வரிக் கணக்கு

வாரம் 2,600 வீதம் 50 வாரத்துக்கு 1,30,000 லாபம். சம்பளம் ஆண்டுக்கு 7.2 லட்சம் என்றால் புதிய வருமான வரி முறையில் வரி இல்லை.

சம்பளம் 12.75 லட்சமாக இருப்பவர் கவனிக்க வேண்டும். 75,000 நிலையான கழிவு போக 12 லட்சம். அதுவரை வரி பூஜ்யம். பொடி லாபம் சேர்ந்தால் 13.3 லட்சம். வரி 79,500, செஸ் 3,180, ஆக 82,680. கையில் நிற்பது 47,320. ஐந்நூறு மணி நேர உழைப்புக்கு மணிக்கு 95 ரூபாய்கூட முழுதாக இல்லை. லாபம் 3 லட்சமானால் வரி 1,09,200, கையில் 1,90,800. சிறு லாபத்துக்குத்தான் அடி பலமாக விழுகிறது. இந்தச் சம்பள விளிம்பில் இருப்பவர் விலை வைப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்க்க வேண்டும்.

கடையும் ராஜினாமாவும்

தி. நகரில் 15,000 ரூபாய் வாடகைக்குச் சின்ன இடம். பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் 1,50,000. வாடகையை மட்டும் கட்டவே மாதம் 6 தடவை பொடி போட வேண்டும். மாதத்தில் வார இறுதி நான்கு, மிஞ்சினால் ஐந்துதான். முதல் ஆண்டில் கடை வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால், ஐந்து ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை 86,538 ரூபாய். நான்காம் ஆண்டிலேயே எழுதிக் கொடுத்தால் அது இல்லை. பொடிக் கணக்கில் அது 33 வார லாபம். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி 12 சதவீதம், மாதம் 3,600-உம் நின்றுவிடும்.

ஆக, வேலைக்கு ஈடாக மாதம் 63,600 வர வேண்டும். வாரம் 60 மணி நேரம் முழுதாக உழைத்தால் மாதத்துக்கு 26 தடவை பொடி போடலாம், லாபம் 67,600. அதற்கு மாதம் 1,170 பாக்கெட் விற்றாக வேண்டும். இப்போது விற்பது மாதச் சராசரியாக 195. ஆறு மடங்கு.

கையில் இருக்கும் சேமிப்பையும் மனத்தில் இருக்கும் தைரியத்தையும் வைத்து ராஜினாமாவை முடிவு செய்யாதீர்கள். அந்த ஆறு மடங்கு வாங்கும் குடும்பங்களின் பட்டியலில் பாதியாவது கையில் இருக்கிறதா, அவர்கள் மூன்று மாதம் விடாமல் திரும்ப வாங்கினார்களா என்று பாருங்கள். இருந்தால் ஐந்து ஆண்டு முடியும் தேதியைக் குறித்துக்கொண்டு தயாராகுங்கள். இல்லையென்றால் சம்பளத்தை வாங்கிக்கொண்டே பட்டியலை வளர்க்கலாம்.