பேஸ் ஒழுகும் ஓட்டை

கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், வேலி போட்டுக் காத்துவரும் கிழட்டு ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்பது கன்றுகள், அன்றைய பேராக் ரெசிடென்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையின் மிச்சம் இது. எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்ததும், நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் வாளியும் உளியுமாக நிரைக்குப் போனதும் அதற்குப் பிறகு நடந்தவை.

அந்தக் கன்றுகளுக்குப் பதினான்கு வயதானபோது, 1891இல், எர்னஸ்ட் மெர்காடியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் காதுத் துளைக்குள் செருகும் இரட்டைத் தொலைபேசி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எடை ஐம்பது கிராமுக்கும் குறைவு. முனைகளுக்கு ரப்பர் உறை போட்டிருந்தார். காதை உறுத்தக் கூடாது என்பது ஒரு காரணம். வெளிச்சத்தம் உள்ளே வராமல் அடைக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். இன்று கைப்பேசியோடு நாம் மாட்டிக்கொண்டு திரியும் இயர்போனுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. நூற்று முப்பது ஆண்டுகளில் உள்ளே இருக்கும் எல்லாமே மாறிவிட்டன. அந்த உறை செய்யும் வேலை மட்டும் மாறவில்லை. ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்டி ஹெட்போன் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் அதைத்தான்.

எங்கள் ஊர் இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்குக் கிடைப்பதும் ஹெட்போன்தான், கைப்பேசிக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதும் ஹெட்போன்தான். ஆனால் இதற்கென்றே நடத்தப்படும் கடை வேறு உலகம். அதைப் பார்க்க சுங்கை சிப்புட் நிலையத்தில் மின்ரயில் ஏறி, சுமார் மூன்று மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்க வேண்டும். லோ யாட் பிளாசாவில் கேட்டுப் பார்த்து வாங்கும் கடைகள் உண்டு. பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மாலில் ஒலிக்கருவிக் கடைகளும் பழைய இசைத்தட்டுகளும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். இன்னும் தெற்கே போகிறவர்களுக்கு சிங்கப்பூரின் அடெல்ஃபி கட்டடம் நெடுங்காலமாகவே ஒரு யாத்திரைத் தலம்.

இப்படிப்பட்ட கடைக்குள் முதலில் வியப்பூட்டுவது அமைதி. பேச்சு குறைவு, பாட்டு அறவே இல்லை. தாங்கிகளில் வரிசையாக ஹெட்போன்கள். மேசையில் இரண்டு மூன்று ஆம்ப்ளிஃபையர்கள். ஒரு தட்டில் பட்டன் அளவிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை பல அளவுகளில் ரப்பர் முனைகளும் பஞ்சு முனைகளும், துடைக்க ஆல்கஹால் துணியும். நாற்காலியைக் காட்டிவிட்டு விற்பனையாளர் ஒதுங்கிவிடுவார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போனாலும் முகம் சுளிக்காத கடையே நல்ல கடை. துணிக்கடையில் புடவைகளைப் பிரித்துப்போட வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் கூச்சம் இங்கே தேவையில்லை.

இனிக் கருவிக்கு வருவோம். பெரும்பாலான ஹெட்போன்களுக்குள் இருப்பது சின்னஞ்சிறு ஒலிபெருக்கிதான். மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதன் முதுகில் ஒட்டிய செப்புக் கம்பிச் சுருள், சுருளைச் சுற்றி ஒரு காந்தம். பாட்டு மின்னோட்டமாகச் சுருளுக்குள் வந்ததும் சுருள் காந்தத்தோடு இழுபறி நடத்தி முன்னும் பின்னும் ஆட, சவ்வும் ஆடி, காற்றைத் தள்ளி இழுக்கிறது. 1937இல் பெர்லினில் ஆய்கன் பையர் இந்த முறையில் செய்த டிடி 48தான் இவ்வகைக்கு முன்னோடி. சுருளுக்குப் பதில் சவ்வு முழுவதும் கடத்தியைப் படரவிட்டு, அதைக் காந்தங்களுக்கு நடுவே தொங்கவிட்டால் பிளேனர் வகை. காந்தமே இல்லாமல், நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னேற்றத்தாலேயே மிக மெல்லிய படலத்தை ஆட்டினால் எலக்ட்ரோஸ்டாடிக் வகை. ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960இலேயே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலைப்பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் இந்த இரண்டு வகைகளே உட்கார்ந்திருக்கும்.

வகை எதுவானாலும் ஒரு கேள்வி எழும். உறுமியின் அடிவயிற்று முனகல் போன்ற தாழ்ந்த ஒலியை, வீட்டில் பெரிய ஒலிபெருக்கிகள்கூடத் திக்கித் திணறித்தான் தருகின்றன. நொடிக்கு இருபது முறை அதிரும் ஒலியின் அலைநீளம் சுமார் பதினேழு மீட்டர். அறைக் காற்றை அந்த வேகத்தில் அசைக்க அகலமான கூம்பும் ஆழமான பெட்டியும் வேண்டும். கட்டைவிரல் நகம் அளவுச் சவ்வு அதே வேலையைக் காதுக்குள் எப்படிச் செய்கிறது?

அது அறையை நிரப்ப வேண்டியதில்லை. சவ்வுக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் சிறு காற்றை அழுத்தித் தளர்த்தினால் போதும். கிட்டத்தட்ட சைக்கிள் பம்பின் வேலை. முனையை விரலால் மூடிக்கொண்டு தள்ளினால் அழுத்தம் ஏறும், விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் காற்று புஸ்ஸென்று போய்விடும். உயர்ந்த ஒலி மிக வேகமாக அதிர்வதால், சிறு இடுக்கு வழியே காற்று தப்புவதற்கு அவகாசம் இல்லை, அழுத்தம் செவிப்பறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தாழ்ந்த ஒலிக்கு அவகாசம் தாராளம். ஆகவே உறைக்கும் தோலுக்கும் இடையில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் முதலில் ஒழுகிப் போவது பேஸ்தான். பாடகர் குரல் அப்படியே இருக்கும், தாளம் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

கடையில் இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாகத் தலையோடு அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால் அதுவரை ஒழுகிக்கொண்டிருந்தது என்று பொருள். பல நேரம் குற்றவாளி மூக்குக்கண்ணாடியின் காம்பு, அல்லது தடித்த முடி, அல்லது ஜிமிக்கி. காதுக்குள் செருகும் வகையானால் முனையின் அளவை மாற்றிப் பார்க்க வேண்டும். வலது காதுக்குப் பொருந்துவது இடது காதுக்குப் பொருந்தியே ஆக வேண்டும் என்று விதியில்லை. ஒருபக்கம் நடுத்தரம், மறுபக்கம் பெரியது என்று போட்டுக்கொள்வதில் வெட்கமும் இல்லை. வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், சிரித்துப் பாருங்கள். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமும் மாறும். கம்பியில்லா இயர்போன்கள் சிலவற்றில் இந்தச் சோதனையைக் கருவியே செய்துகொள்கிறது. உள்ளே ஒரு ஒலியை எழுப்பி, அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று உள்ளிருக்கும் மைக் அளந்து பார்க்கும். 2019இல் வந்த ஏர்பாட்ஸ் புரோவில் இந்த வசதி இருந்தது.

ஓப்பன் வகை ஹெட்போன் என்றால் இந்தப் பேச்சே பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். 1968இல் சென்ஹைசர் மஞ்சள் பஞ்சு உறையோடு கொண்டுவந்த எச்டி 414தான் அந்த வகையைப் பரப்பியது. அதில் திறந்திருப்பது சவ்வின் முதுகுப்பக்கம். ஒலி கிண்ணச் சுவரில் மோதித் திரும்பாததால் பாட்டு தலைக்கு வெளியே கொஞ்சம் விரிந்ததுபோல் தோன்றும். ஆனால் இன்றைய பெரிய ஓப்பன் ஹெட்போன்களில் பலவும் காதுப்பக்கத்தில் மெத்தை நன்றாகப் படிவதை நம்பியே செய்யப்பட்டவை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் உங்கள் பாட்டு கேட்கும் என்பதால், மூன்று மணி நேர ரயில் பயணத்துக்கு அது ஆகாது.

விலையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 2017இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். எந்த ஒலி எவ்வளவு அழுத்தமாக வருகிறது என்ற அளவீட்டுக்கும் கடை விலைக்கும் தொடர்பு தென்படவில்லை. அதற்காக ஐயாயிரம் வெள்ளிக் கருவி வெறும் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். உலோக வேலைப்பாடு, தலையில் அமரும் சுகம், சிதைவின்மை, பழுது பார்க்கும் வசதி எல்லாவற்றுக்கும் காசு உண்டு. ஆனால் உங்கள் காதில் ஒழுகும் ஐயாயிரம் வெள்ளியை, ஒழுகாத ஐந்நூறு வெள்ளி எளிதில் வென்றுவிடும். இதை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்லமாட்டார். பதிலாக, நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி கனிந்து வரும் என்பார். கனிவது பெரும்பாலும் மெத்தையும், அதற்குப் பழகிக்கொள்ளும் உங்கள் காதுமே.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இன்னொரு பொறி இருக்கிறது. சத்தம் இம்மியளவு கூடினாலும் நம் காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட வரைகோடுகள் காரணத்தின் ஒரு பகுதியைச் சொல்கின்றன. சத்தம் குறையும்போது மற்ற ஒலிகளைவிடத் தாழ்ந்த ஒலி நம் காதுக்கு விரைவாக மங்குகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் பாடகர் குரல் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எந்தப் பாட்டை எடுத்துப் போவது? கடைக்காரர் போட்டுக்காட்டும் ஆங்கில ஜாஸ் வேண்டாம், அது எல்லாக் கருவியிலும் நன்றாகத்தான் இருக்கும். நமக்கு மனப்பாடமான பாட்டே நமக்கு அளவுகோல். நான் முதலில் போடுவது உறுமி மேளம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகல் வழுக்கி ஏறி இறங்க வேண்டும். வெறும் "தொம் தொம்" என்று கேட்டால் ஒன்று ஒழுகுகிறது, அல்லது கருவி பேஸை ஊதிக் காட்டுகிறது. அடுத்து தம்புரா. ஒரே தந்தியிலிருந்து மேலே மேலே கிளம்பும் ரீங்காரத்தை எண்ணத் தோன்றினால் உயர்ஒலி சரி, கூசினால் சரியில்லை. பிறகு 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'. வயலின் கூட்டத்தில் தனித்தனி வில்கள் பிரிந்து கேட்கின்றனவா என்று பார்க்க அதைவிட நல்லதை நான் அறியேன். டி.எம்.சௌந்தரராஜனின் அறுபதுகளின் பாட்டு ஒன்றும் இருக்கட்டும். அது மோனோ என்பதால் அவர் உங்கள் தலைக்கு நட்டநடுவில் நின்றுதான் பாடுவார், கருவியில் கோளாறு என்று பயந்துவிடாதீர்கள்.

ஆம்ப்ளிஃபையர் தேவையா என்பதை, ஹெட்போனின் மின்தடையைக் குறிக்கும் ஓம் எண் ஓரளவு சொல்லும். 1997இல் வந்து இன்னும் விலைபோகிற சென்ஹைசர் எச்டி 600க்கு அது 300. கைப்பேசி அதை முனகத்தான் வைக்கும். முப்பது ஓம் பக்கம் இருக்கிற இயர்போன் பெரும்பாலும் கைப்பேசியிலேயே தாராளமாகப் பாடும்.

ஓட்டை அடைபட்டால் காதுக்கும் நல்லது. வெளிச்சத்தம் குறைந்துவிடுவதால் பேருந்து இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்ற வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு நாற்பது மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. இரைச்சல் நீக்கும் மின்வசதி உள்ள ஹெட்போனுக்கும் இதே கதைதான். அது எதிர்ஒலியால் அடக்குவது பெரும்பாலும் எந்திர உறுமல் போன்ற தாழ்ஒலியை. மெத்தை படியாவிட்டால் எதிர்ஒலியும் ஒழுகிவிடும்.

இதில் நம் கித்தாப்பாலின் பங்கு இப்போது எவ்வளவு? ஒருகாலத்தில் நிறைய. ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் கறுத்த, கடினமான எபனைட்தான் பழைய தொலைபேசிக் காதுக்குழலுக்கும் ஹெட்போன் மூடிக்கும் உடம்பு. மின்சாரத்தைக் கடத்தாது, கடைந்து மெருகேற்றலாம். 1910இல் அமெரிக்காவின் யூட்டாவில் நதானியல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து கடற்படைக்கு விற்றார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் பேராக் தோட்டங்கள் ரப்பர் விலை ஏற்றத்தில் கொழித்தன. பிறகு பேக்கலைட் வந்து எபனைட்டை ஓரங்கட்டியது. இன்றைய காது முனைகள் பெரும்பாலும் சிலிகோன். வியர்வைக்கும் காதழுக்குக்கும் மரத்து ரப்பரைவிட அது நின்றுபிடிக்கும், சிலருக்குப் பால்ரப்பரால் வரும் ஒவ்வாமையும் இல்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலும் செம்பனை வந்துவிட்டது. ஹெட்போன் தொழில் மட்டும் நம் நாட்டை விட்டு முழுவதுமாகப் போகவில்லை. பினாங்கின் பத்து காவானில் போஸ் நிறுவனம் அமைத்த தொழிற்சாலை, பின்னர் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியது.

நம் ஊர்ப் புழுக்கம் தலைக்கு மேல் மாட்டும் ஹெட்போன்களுக்குப் பெரிய எதிரி. மெத்தையின் மேல் தோல்போல இருப்பது பல மாதிரிகளில் பாலியூரித்தேன் பூச்சு. காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்க, கன்னத்தில் கறுப்புப் பொடுகாக உதிரத் தொடங்கும். உள்ளே பஞ்சும் அமுங்கிவிடும், படிவு போகும், பேஸும் போகும். கருவி கெட்டுவிட்டது என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. புது மெத்தை போட்டால் அதே கருவி பழையபடி பாடும். வெல்வெட் மெத்தை உதிராது, வேர்க்காது, ஆனால் துணி வழியே கொஞ்சம் காற்று கசியும் என்பதால் பேஸ் சற்றுக் குறையலாம். ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் ஒன்றோடு பெட்டிக்குள் வைப்பது எதற்கும் நல்லது. காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: இதற்கு மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா, விலை என்ன? இல்லை என்று சொன்னால் அடுத்த தாங்கியில் இருப்பதைக் கேட்டுப் பாருங்கள்.