பொம்மையைக் கவிழ்த்தால் குட்டு வெளிப்படும்!

மூஞ்சியைப் பார்த்து மயங்காதே, காலைத் தூக்கிப் பார்! பழைய ரஷ்யப் பீங்கான் பொம்மை வாங்கப் போகிறவர்களுக்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

அப்படி என்ன பொம்மை? குடியானவன், பால்காரி, தெருவில் கூவி விற்கிறவன்... அவரவர் ஊர் உடுப்பில், சாண் உயரத்தில் நிற்பார்கள்.

இதில் பேர்போனது கார்ட்னர் கம்பெனி சரக்கு. இங்கிலாந்துக்காரரான ஃபிரான்சிஸ் கார்ட்னர் 1766-ல் மாஸ்கோ பக்கம் வெர்பில்கி கிராமத்தில் தொழிற்சாலை வைத்தார். 1817-ல் "மாய விளக்கு" என்ற ரஷ்யப் பத்திரிகை, பீட்டர்ஸ்பர்க் தெரு வியாபாரிகளைப் படம் போட்டு வெளியிட்டது. அந்தப் படங்களைப் பார்த்துப் பொம்மை வார்த்தார்கள். கூடை சுமந்து கத்தியவன் சீமான் வீட்டு அலமாரியில் ஏறிவிட்டான்! நிஜ ஆளை வாசற்படி ஏற விட்டிருப்பார்களா என்பது வேறு சங்கதி.

ஜார் போட்ட உத்தரவு

1907-ல் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸுக்கு ஓர் ஆசை. தன் ஆட்சியில் உள்ள இனத்தார் அத்தனை பேரையும் பீங்கானில் பார்க்க வேண்டுமாம்! பீட்டர்ஸ்பர்க் அரண்மனைத் தொழிற்சாலைக்கு உத்தரவு பறந்தது. சிற்பி பாவெல் காமென்ஸ்கி மியூசியம் நிபுணர்களைக் கேட்டு, தொப்பி, செருப்பு வரை சரிபார்த்துச் செய்தார். மொத்தம் 74 பொம்மைகள்.

பொம்மை ஜனங்கள் தப்பினார்கள். ஜார் தப்பவில்லை. 1917-ல் பதவி போயிற்று. 1918 ஜூலையில் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

போலி ஆசாமிகள்

பொம்மைக்குக் கிராக்கி ஏறியதும் மோசடிக்காரர்கள் விடுவார்களா? சாதாரணப் பொம்மையின் அடியில் இருந்த முத்திரையைத் தேய்த்து அழித்துவிட்டு, ஜார் முத்திரையைப் போட்டுத் தலையில் கட்டிவிடுகிறார்கள். அசல் ஜார் முத்திரை பச்சை நிறம். கிரீடமும் வருஷமும் இருக்கும். கண்ணாடி மெருகுக்கு அடியில் பதிந்திருப்பதால் விரலில் தட்டாது. போலியில் பெயிண்ட் மேலே நிற்கும். தேய்த்த இடமும் காட்டிக் கொடுக்கும்.

ஆனால், இரண்டு முத்திரை இருந்தால் உடனே போலி என்று கத்திவிடக் கூடாது! புரட்சியின்போது அரண்மனைத் தொழிற்சாலையில் வர்ணம் பூசாத வெள்ளைத் தட்டுகள் மலைபோல் கிடந்தன. அடியில் ஜார் முத்திரை. புது அரசு அவற்றை உடைக்கவில்லை. மேலே புரட்சிப் படம் வரைந்து, ஜார் முத்திரை மீது வர்ணத்தை அப்பி, பக்கத்தில் அரிவாள் சுத்தியலைப் போட்டு அனுப்பியது.

சிலவற்றில் வர்ணம் அப்ப மறந்தார்களோ, வேண்டுமென்றே விட்டார்களோ... கிரீடமும் அரிவாளும் ஒரே தட்டில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள்!