தாளம் யார் கையில்? தி ஹூ குழுவைத் திரும்பக் கேட்டபோது

தி ஹூ என்ற லண்டன் ராக் குழுவை, பெயர் தெரியாமலேயே நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். (பெயரைத் தேடுபொறியில் போட்டால் உலக சுகாதார நிறுவனம் வந்து நிற்கும், அது வேறு தொல்லை.) சிஎஸ்ஐ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரும், அதன் மயாமி, நியூயார்க் கிளைத் தொடர்களும் டைட்டில் இசைக்கு இவர்களுடைய பாட்டுகளைத்தான் எடுத்துக்கொண்டன. எனக்கும் காலேஜ் நாட்களில் ஒரு கேசட், அப்புறம் அந்த டைட்டில் இசை, அவ்வளவுதான் பழக்கம். மேடையில் கிதாரை அடித்து உடைக்கிற கோஷ்டி என்ற புகழ்தான் எங்கே படித்தாலும் முதலில் வரும். கொஞ்ச மாதங்களாக அவர்களுடைய ஆல்பங்களை வரிசையாக, ஹெட்ஃபோனில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை என்னைப் பிடித்துக்கொண்டது சத்தம் இல்லை. இந்தக் குழுவில் தாளத்தை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி.

வழக்கமான ராக் குழுவில் வேலைப் பிரிவு சுலபம். டிரம்ஸும் பேஸ் கிதாரும் அஸ்திவாரம். அதன்மேல் லீட் கிதார்காரர் விளையாடுவார், பாடகர் பாடுவார். தி ஹூவில் நான்கே பேர்: பாடகர் ராஜர் டால்ட்ரி, கிதாரும் பாட்டெழுத்தும் பீட் டவுன்ஷெண்ட், பேஸ் ஜான் என்ட்விசில், டிரம்ஸ் கீத் மூன். 1964-ல் மூன் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 17. கணக்குப்படி பார்த்தால் மூனும் என்ட்விசிலும்தான் அஸ்திவாரம். ஆனால் அந்த இரண்டு பேருமே அந்த வேலையைச் செய்யவில்லை என்பதுதான் விஷயம்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கு. 1970 பிப்ரவரி 14-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பதிவான 'லைவ் அட் லீட்ஸ்' ஆல்பத்தில் பேஸ் இடது பக்கம், கிதார் வலது பக்கம், டிரம்ஸும் குரலும் நடுவில். முதல் பாட்டு 'யங் மேன் ப்ளூஸ்'. வலது காது ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். கிதார் அடங்கிய பிறகும் பாட்டில் ஒரு லீட் வாத்தியம் இருப்பது தெரியும். அதுதான் என்ட்விசிலின் பேஸ். இப்போது மாற்றி, இடதைக் கழற்றிப் பாருங்கள். டவுன்ஷெண்ட் பெரிய பெரிய கார்டுகளை அடித்து, விட்டு, மறுபடி அடித்து, பாட்டின் எலும்புக்கூட்டை நிறுத்திக்கொண்டிருப்பார். தாளம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கு, கிதாரில்! கையைக் காற்றாலை மாதிரி சுழற்றி அடிப்பாரே, அதை வெறும் பகட்டு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் அது கண்ணுக்குத் தெரிகிற தாளம்.

என்ட்விசில் பிரெஞ்சு ஹார்னும் டிரம்பெட்டும் வாசித்து வளர்ந்தவர். ஊதுவாத்தியக்காரருக்குத் தன் ராகம் கேட்க வேண்டும் என்ற ஆசை இருக்கும் இல்லையா, அதை பேஸுக்குக் கொண்டுவந்துவிட்டார். 1965-ல் வந்த 'மை ஜெனரேஷன்' பாட்டில் கிதார் சோலோ வரவேண்டிய இடத்தில் பேஸ் சோலோ வரும். அதற்காக அவர் விரும்பியது கணீரென்ற கம்பிகள் கொண்ட ஒரு டேன்எலக்ட்ரோ கிதார். கம்பி அறுந்தால் மாற்றுக் கம்பி இங்கிலாந்தில் கிடைக்காது, கம்பிக்காக முழுக் கிதாரையே மறுபடி வாங்க வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் வேறு கிதாரில்தான் பதிவு முடிந்தது. அடுத்த வருடமே ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு உட்கார்ந்து தனக்கு வேண்டிய கம்பியை உருவாக்க உதவினார். இன்று பேஸ்காரர்கள் சாதாரணமாக மாட்டிக்கொள்ளும் கம்பி வகை அது.

மூன் கதை இன்னும் விசேஷம். ராக் டிரம்மர்கள் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டில் 'டிக் டிக்' என்று நேரத்தை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். மூன் அதை முடிந்தவரை தவிர்த்தார். அவர் எண்ணுவதில்லை, பாடகரைத் தொடர்கிறார். டால்ட்ரி ஒரு வரியை முடிக்கிற இடத்தில் உருட்டுகிறார், அழுத்துகிற சொல்லில் சிம்பலை அடிக்கிறார். கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது புதிதில்லை. நல்ல மிருதங்கக்காரர் பாட்டுக்கு வாசிக்கிறார் என்போமே, கையில் போடுகிற தாளம் தனியாக ஓட, மிருதங்கம் சாகித்தியத்தின் வளைவுகளோடு போகும். மூன் அப்படிப் பாட்டுக்கு வாசித்தவர். தாளம் போட்ட கை டவுன்ஷெண்டுடையது.

இப்படியொரு குழுவுக்குள் 1971-ல் ஒரு இயந்திரம் வந்து சேர்கிறது. இங்கேதான் நம்ம துறைக்காரர்களுக்குக் கொஞ்சம் ருசியான பகுதி.

'லைஃப்ஹவுஸ்' என்று டவுன்ஷெண்ட் ஒரு பெரிய திட்டம் வைத்திருந்தார். காற்று கெட்டுப்போன எதிர்காலம். மக்கள் தனி உடைகளுக்குள் அடைந்து, 'கிரிட்' என்ற வலைப்பின்னல் வழியாக வாழ்க்கை அனுபவங்களைப் பெற்றுக்கொள்கிறார்கள். ஒருவருடைய விவரங்களை சிந்தசைசருக்குள் கொடுத்தால் அவருக்கென்று ஒரு இசை வெளியே வரும் என்பதும் திட்டத்தில் ஒரு அம்சம். 1971-ல் இதைக் குழுவில் இருந்தவர்களுக்கே விளக்க முடியவில்லை. திட்டம் கைவிடப்பட்டது, டவுன்ஷெண்ட் மனம் உடைந்துபோனார். மிஞ்சிய பாட்டுகள்தான் பெரும்பாலும் 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பம்.

அதன் முதல் பாட்டு 'பாபா ஓ'ரைலி'. தலைப்பில் பாதி, புனேயில் பிறந்த மெஹர் பாபா. டவுன்ஷெண்ட் அவருடைய பக்தர். மீதி, திரும்பத் திரும்ப வரும் சுரக்கோவைகளால் இசையமைத்த அமெரிக்கர் டெரி ரைலி. ஆரம்பத்தில் வரும் அந்தச் சலசலப்பு மெஹர் பாபாவின் விவரங்களிலிருந்து கம்ப்யூட்டர் உண்டாக்கியது என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் அது லோரி என்ற வீட்டு ஆர்கன். அதில் 'மரிம்பா ரிப்பீட்' என்று ஒரு வசதி: விசைகளை அழுத்திப் பிடித்தால் போதும், ஆர்கனே அந்தச் சுரங்களைப் படபடவென்று தட்டிக்கொண்டிருக்கும். டவுன்ஷெண்ட் கையால் வாசித்துப் பதிவுசெய்தது. 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாட்டில் அதே மாதிரி ஆர்கன் ஒலியை விசிஎஸ்3 என்ற சிந்தசைசருக்குள் அனுப்பினார். அதன் ஃபில்டர் சீரான கதியில் திறந்து மூட, ஒலி துடிக்க ஆரம்பிக்கிறது.

துடிப்பு டேப்பில் இருக்கு. டேப் யாருக்காகவும் நிற்காது. இதுவரை பாடகரின் பின்னால் ஓடிய மூன் இனிமேல் ஒரு கடிகாரத்தோடு ஓட வேண்டும். மேடையில் அவர் தலையில் பெரிய ஹெட்ஃபோனோடு இருப்பது இதற்காகத்தான். அடங்கிப்போயிருப்பார் என்றுதான் எதிர்பார்ப்போம். கேட்டால் அப்படி இல்லை. எண்ணுகிற பொறுப்பை இயந்திரம் வாங்கிக்கொண்டதால் மூன் இன்னும் துணிச்சலாகப் பாய்கிறார், டவுன்ஷெண்டுக்கும் கை கொஞ்சம் விடுபடுகிறது. நான் அந்த எட்டரை நிமிடப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவதற்குக் காரணம் இதுதான்.

(ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். டவுன்ஷெண்ட் தன் காது கெட்டதற்கு மேடையைவிட ஸ்டுடியோ ஹெட்ஃபோனைத்தான் அதிகம் குறை சொன்னார்.)

மூன் 1978 செப்டம்பர் 7 அன்று, குடியை விடுவதற்காகக் கொடுத்த மாத்திரைகளையே அளவுக்குமீறி விழுங்கி, 32 வயதில் இறந்தார். அடுத்து வந்த கென்னி ஜோன்ஸ் நல்ல டிரம்மர், தாளத்தைச் சரியாகப் பிடிப்பவர். அந்த ஆல்பங்களில் எனக்கு இடிப்பதே அதுதான். டிரம்ஸ் எண்ண ஆரம்பித்ததும் என்ட்விசில் தனியாக ஓடிக்கொண்டிருப்பது போலக் கேட்கிறது, டவுன்ஷெண்டின் கார்டுகளுக்கு முன்பிருந்த அவசியம் இல்லை.

'தி கிட்ஸ் ஆர் ஆல்ரைட்' ஆவணப்படத்தில், 1978 மே 25 அன்று ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் எடுத்த 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' இருக்கு. மூன் இவர்களோடு கடைசியாக மேடையில் வாசித்தது அன்றுதான். பாட்டின் பிற்பகுதியில் எல்லாரும் நிறுத்திவிட, ஆர்கன் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். பிறகு டிரம்ஸ் மட்டும் சின்னச் சின்ன உருட்டல்களாக உள்ளே வரும். அது வரும் வரைக்கும் பார்த்துவிடுங்கள்.