எமது அன்றாட உணவும் இருதய நலமும்

மாரடைப்பு என்பது வசதி படைத்தவர்களின் நோய் என்ற எண்ணம் எமது மக்களிடையே இன்னும் வேரூன்றி இருக்கின்றது. வெயிலில் நின்று உழைத்தவருக்கும் அரை வயிறு உண்டவருக்கும் அது வராது என்று நம்புகின்றோம். ஆனால் இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்குப் பல ஆண்டுகளாக முதற் காரணமாக இருந்து வருவது இருதய நோயே. அது வீட்டைப் பார்த்து வருவதில்லை.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களை இந்நோய் இரண்டு வழிகளால் நெருங்குகின்றது. முதலாவது, உழைப்பு மாறியது. காணியை விட்டு வந்தபோது மண்வெட்டியும் துலாவும் ஏரும் பின்னால் நின்றுவிட்டன. இரண்டாவது, உணவு மாறியது. சொந்த வளவில் இருந்தபோது குத்தரிசி, குரக்கன், பயறு, முருங்கையிலை, வேலிக் கரையில் படர்ந்த முசுட்டை என்று பெரும்பங்கு கைக்கெட்டிய தூரத்தில் கிடைத்தது. இடம்பெயர்ந்த பின்னர் உணவு மூடையில் வந்தது. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்ற உலருணவே பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. அதைக் குறை கூறுவது எமது நோக்கமல்ல. ஆபத்துக் காலத்துக்கென வந்த உணவு எமது நிரந்தரப் பழக்கமாகி விட்டதே இங்கு நாம் சிந்திக்க வேண்டிய விடயம். இலங்கை மண்ணில் விளையாத கோதுமையின் மா இன்று காலையில் பாணாகவும் இரவில் றொட்டியாகவும் எமது கோப்பைக்கு வருகின்றது.

அழற்சி என்பது என்ன?

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கின்றது. கிருமியை அழிக்கவும் காயத்தை ஆற்றவும் உடல் தன் காவற்படையை அங்கு அனுப்புகின்றது. இதையே அழற்சி என்பர். முள்ளை எடுத்த சில நாட்களில் இது தணிந்துவிடும். இது நன்மையான அழற்சி.

இன்னொரு வகை அழற்சி உண்டு. அது வலிக்காது, வெளியே தெரியாது, ஆண்டுக்கணக்கில் உமிக்குள் தணல் போலக் கனன்றுகொண்டிருக்கும். குருதியில் மிகுந்துள்ள தீய கொழுப்பு குருதிக்குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கும்போது, உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி வெண்குருதிக் கலங்களை அனுப்புகின்றது. அவை கொழுப்பை விழுங்கி அங்கேயே மடிந்து படிகின்றன. சுவர் தடிக்கின்றது. ஒருநாள் அப்படிவு வெடித்தால் அதன்மேல் குருதி உறைந்து வழியை அடைக்கும். இருதயத்துக்குச் செல்லும் குழாயில் இது நிகழ்ந்தால் அதுவே மாரடைப்பு.

2017ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வொன்று இதை உறுதிப்படுத்தியது. முன்னர் மாரடைப்பு வந்த 10,000 பேருக்கு மேற்பட்டோர் அதில் பங்குபற்றினர். அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசிமருந்து கொடுக்கப்பட்டவர்களில், கொழுப்பின் அளவு மாறாதபோதும், மீண்டும் மாரடைப்பு முதலியன வருவது ஏறத்தாழ 15 வீதம் குறைந்தது. அம்மருந்து விலை மிக்கது, பக்கவிளைவும் உள்ளது. அது எமக்கு வேண்டியதில்லை. கனலும் தணலைக் குறைத்தால் இருதயம் காக்கப்படும் என்ற உண்மையே எமக்கு வேண்டியது. அத்தணலைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் அன்றாட உணவுக்குப் பெரும் பங்கு உண்டு.

தணலைக் கூட்டுபவை

சீனியும் வெள்ளை மாவும்: தவிடு நீக்கிய மா விரைவில் சமித்துக் குருதியில் சீனியாக ஏறுகின்றது. மேலதிகமானது கொழுப்பாகி வயிற்றில் சேர்கின்றது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களைத் தானே சுரக்கின்றது. தேநீரையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி என்றால் 15 தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 60 கிராம். ஒரு மாதத்தில் ஒரே ஆள் 1.8 கிலோ சீனியைத் தேநீரிலேயே குடித்துவிடுகின்றார். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 50 கிராமுக்கு மேற்படக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நன்று என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. பனங்கட்டியும் இனிப்பே; சிறு துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் பழைய முறையில் அளவு தானாகவே குறைகின்றது.

எண்ணெய்: பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது அது கெட்டு, குருதிக்குழாய்க்குத் தீங்கு செய்யும் பொருட்கள் அதில் உண்டாகின்றன. கடைகளில் விற்கும் வடை, றோல்ஸ் முதலியவற்றில் இந்த ஆபத்து உண்டு. தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. அது தீய கொழுப்பைக் கூட்டும். தேங்காயை நாம் விட்டுவிட முடியாது, விடவும் வேண்டாம். சம்பலுக்கும் சொதிக்கும் அளவாகச் சேர்ப்போம், பொரியலைக் குறைப்போம். தாளிக்க நல்லெண்ணெய் சிறிதளவு போதும்.

உப்பு: நாளுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டு, உப்பு இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பைக்கற் நூடில்ஸ் என்பவற்றில் மறைந்து வரும் உப்பும் இதில் அடங்கும். மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தைக் கூட்டுகின்றது. கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்துக் கழுவி, அந்நீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு குறையும்.

தணலைத் தணிப்பவை

இவற்றுக்கு நாம் கொழும்புக் கடைகளைத் தேட வேண்டியதில்லை. தவிட்டோடு கூடிய தானியம், பயறு, கௌபி, கடலை, இலைக்கறி என்பவற்றிலுள்ள நார்ப்பொருள் எமது குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றது. அவை அதிலிருந்து உண்டாக்கும் பொருட்கள் அழற்சியைத் தணிக்கின்றன. நெல்லை அவித்துக் குற்றும் எமது முன்னோரின் முறையிலும் அறிவு இருக்கின்றது. அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குவதால், தீட்டிய பின்னும் அது முழுதாக இழக்கப்படுவதில்லை.

கீரி, சூடை, சாளை போன்ற மலிவான சிறுமீன்களில் இருதயத்துக்கு நன்மை தரும் கொழுப்பு உண்டு. விலை கூடிய பெரிய மீனுக்கு ஏங்க வேண்டியதில்லை. வாரத்தில் இருமுறை குழம்பாகவோ ஒடியற் கூழிலோ சேர்த்தால் போதும். பொரித்தால் நன்மை குறையும்.

முருங்கைக் கதியால் ஒன்றை வேலியில் நட்டால் நிலம் சொந்தமில்லாத குடும்பத்துக்கும் இலை கிடைக்கும். பழைய உரச்சாக்கை நன்றாகக் கழுவி மண்ணும் எருவும் நிரப்பினால் பசளி வளரும். வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் கிணற்றடியில் வழிந்தோடும் நீரே போதும். காணி திரும்பக் கிடைக்கும் வரை காத்திருக்கும் எமது கைகளுக்கு இது சிறு பயிர்ச்செய்கையுமாகும்.

மஞ்சள், உள்ளி பற்றி ஒரு சொல். இவை நல்ல உணவுப் பொருட்கள். ஆனால் கறியில் போடும் மஞ்சளில் உள்ள சத்து மிகக் குறைவாகவே உடலில் சேர்கின்றது. மஞ்சளை நம்பி மாத்திரையை நிறுத்தியவர் தம் உயிரோடு விளையாடுகின்றார்.

யார் கடைசியில் உண்கின்றார்?

எமது வீடுகளில் தாய் கடைசியில் உண்கின்றாள். மீனும் இலைக்கறியும் முடிந்த பின் எஞ்சிய சோறும் குழம்புமே அவளுக்கு. அவள் கர்ப்பிணியாயின் இதன் விளைவு பிள்ளையையும் தொடரும். 1944-45 குளிர்காலத்தில் போரினால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கொடிய பஞ்சம் நிலவியது. அப்பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் ஆரம்ப மாதங்களில் இருந்தவர்களிடையே, அவர்கள் வளர்ந்து நடுவயதை எட்டியபோது, இருதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. போரும் பட்டினியும் கண்ட எமக்கு இது பெரிய பாடம். கர்ப்பிணித் தாய்க்கு முதலில் பரிமாறுவது அவள் பிள்ளையின் இருதயத்துக்கு நாம் செய்யும் காவல். ஆண்கள் இதனை மனதிற் கொள்ள வேண்டும்.

இவ்வாரமே தொடங்கக் கூடியவை

1. தேநீரில் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் சீனியைக் குறைத்து வாருங்கள். நாக்கு பழகிவிடும்.

2. பிட்டுக்கும் றொட்டிக்கும் கோதுமை மாவில் பாதியை எடுத்துவிட்டுக் குரக்கன் மாவைச் சேருங்கள்.

3. கோப்பையில் பாதியை இலைக்கறியும் மரக்கறியும் நிரப்பட்டும். சோறு கால் பங்கு. பருப்பு, பயறு அல்லது மீன் கால் பங்கு.

4. பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த கடலை, பயறு அல்லது கச்சான் கொடுங்கள்.

5. உப்புப் போத்தலைச் சாப்பாட்டு இடத்திலிருந்து அகற்றுங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் இலைக்கறி, பழம், பருப்பு வகைகளைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரைக் கேட்பது அவசியம். வவுனியாப் பக்கத்து விவசாயிகளிடையே இந்நோய் இருப்பதால் இதனை வலியுறுத்துகின்றோம். சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்களும் உணவைப் பெரிதாக மாற்றுமுன் கேட்டறிய வேண்டும்.

உணவு காக்கும், ஆனால் வந்துவிட்ட மாரடைப்பை உணவு மாற்றாது. நெஞ்சை அழுத்துவது போன்ற நோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்பவை தோன்றினால் வாய்வு என்று உள்ளித் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கும் சலரோகம் உள்ளவர்களுக்கும் நெஞ்சு நோவே இல்லாமல் களைப்பும் ஓங்காளமும் மாத்திரம் வரக்கூடும். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் அரச வைத்தியசாலையில் சோதித்துக்கொள்வது நல்லது.

எமது காணிகளும் கிணறுகளும் எம் கைவிட்டுப் போனபோது நாம் எதையும் தெரிவு செய்யவில்லை. விலைவாசி எம்மைக் கேட்டு ஏறுவதுமில்லை. ஆயினும் உலையில் எதைப் போடுவது, தேநீரில் எத்தனை கரண்டி, யாருக்கு முதலில் பரிமாறுவது என்பவை இன்னும் எமது கையில் இருக்கின்றன. காணிக்குத் திரும்பும் நாளில் ஏர் பிடிக்கும் வலுவோடு நாம் திரும்ப வேண்டும்.