கொக்குக்குப் பிடித்த மாடு

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற வழியில் கவனிச்சிருக்கீங்களா? மேய்கிற மாட்டின் காலடியிலேயே, மிதிபடாமல், மஞ்சள் அலகோடு ஒரு வெள்ளைக் கொக்கு நடந்து போகும். உண்ணி பொறுக்கத்தான் வருதுன்னு நினைப்போம். உண்ணியும் தின்னும்தான், ஆனா அதுக்கு முக்கியமான இரை வெட்டுக்கிளி. மாடு புல்லை மிதிச்சதும் பூச்சி துள்ளும், கொக்கு லபக்குன்னு கவ்விடும்.

அதுக்காக எல்லா மாட்டுக்குப் பின்னாலும் போயிடாது. படுத்து அசைபோடுற மாட்டால பூச்சி கிளம்பாது. விறுவிறுன்னு நடக்கிற மாட்டைத் துரத்தினா அலைச்சல்தான் மிச்சம். நிதானமா நகர்ந்து மேய்கிற மாடாப் பார்த்துச் சேர்ந்துக்கும். தனியாத் தேடுறதைவிட அங்கே குறைஞ்ச நடையில் கூடுதல் இரை சிக்கும்.

மாடே இல்லையா? உழுகிற டிராக்டர் பின்னாடி வந்துடும். என்ன, கொஞ்சம் வேகமா நடக்கணும்!