ஸ்டெர்லிங் ஹில் பாறையும் துத்தநாக பேட்டரியும்

நியூ ஜெர்சியின் லிண்டனில், எக்ஸான் ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்காம் லித்தியம் பேட்டரிக்கு அடிகோலினார். அதே மாநிலத்தின் வடக்கே ஆக்டன்ஸ்பர்க் என்ற சிற்றூர். 1986 வரை அங்கே இயங்கிய ஸ்டெர்லிங் ஹில் துத்தநாகச் சுரங்கம் இப்போது அருங்காட்சியகம். புற ஊதா விளக்கில் பச்சையும் சிவப்புமாக ஒளிரும் பாறைகளைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. எனக்கு முக்கியமாகப் படுபவை, ஒளிராத இரண்டு கருங்கனிமங்கள்: சால்கோபனைட், ஹெட்டரோலைட். 1870களில் உலகம் இவற்றை முதலில் அறிந்தது இங்கிருந்துதான்.

இரண்டிலும் துத்தநாகம், மாங்கனீசு, ஆக்சிஜன் உண்டு. சால்கோபனைட் அடுக்கடுக்கானது, இடைவெளிகளில் துத்தநாக அயனியும் நீரும் தங்கியிருக்கும். ஹெட்டரோலைட்டோ இறுகிய படிகம். துத்தநாக அயனி பேட்டரியின் கேத்தோடு, அதாவது பிளஸ் முனை, பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடுதான். ஏற்றி இறக்க, ஏற்றி இறக்க அதில் ஒரு பகுதி ஹெட்டரோலைட்டாக இறுகலாம். அப்படி உள்ளே மாட்டிய துத்தநாகம் எளிதில் வெளியேறாது. இன்னொரு பகுதி பேட்டரியின் தண்ணீர்க் கரைசலில் கரைந்து போகிறது.

2016இல் வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் கரைதலுக்கு ஒரு வழி கண்டது: மாங்கனீசு சல்பேட்டை முன்கூட்டியே கரைசலில் கலந்துவிடுவது. கரைசலில் ஏற்கெனவே மாங்கனீசு இருப்பதால் கேத்தோடிலிருந்து கரைவது அடங்குகிறது. 5000 முறை ஏற்றி இறக்கிய பிறகும், அதாவது 5000 சுற்றுகளுக்குப் பிறகும், 92 சதவீதக் கொள்திறன் மிஞ்சியது. அதே ஆண்டில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசர் குழு வனேடியம் ஆக்சைடு அடுக்குகளுக்கு இடையே துத்தநாகத்தையும் நீரையும் தூண்களாக நிறுத்தி, 1000 சுற்றுகளைத் தாண்டியது. சால்கோபனைட்டில் இயற்கை செய்த அதே ஏற்பாடு! ஆனால் வனேடியம் விலை அதிகம். மலிவான மாங்கனீசையே நிலைக்கவைப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

லித்தியத்துக்கு மாற்று தேடும் அவசரத்தை 2025 ஜனவரி 16 காட்டியது. கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்குத் தெற்கே மாஸ் லேண்டிங்கில் லித்தியம் பேட்டரி நிலையம் தீப்பற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். தண்ணீரில் இயங்கும் துத்தநாக பேட்டரியின் கரைசல் எரியாது. நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் வளர்ந்த ஈயாஸ் நிறுவனம் துத்தநாக-புரோமின் பேட்டரியை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. அதன் வேதியியல் வேறு; நோக்கம் ஒன்று.

ஆனால் '5000 சுற்று' என்ற எண்ணைப் படிக்கும்போது ஒரு கேள்வி அவசியம்: எத்தனை நாளில்? ஆய்வகத்தில் ஒரு சுற்றை நிமிடக் கணக்கில் முடித்துவிடலாம். டெக்சஸில் பகல் வெயிலைச் சேமித்து இரவுக்குக் கொடுக்கும் பேட்டரிக்கு ஒரு நாளில் ஒரு சுற்றுதான். அந்தக் கணக்கில் 5000 சுற்று என்பது கிட்டத்தட்ட 14 ஆண்டுகள். மாங்கனீசு கரைவதற்கும் படிகம் இறுகுவதற்கும் அத்தனை காலமும் கிடைக்கிறது. ஆகவே, புதிய கேத்தோடு பற்றி அறிவிப்பவர்கள் வேகச் சோதனையோடு, மாதக்கணக்கில் நீளும் மெதுவான சோதனையின் முடிவையும் வெளியிட வேண்டும்.