கோப்பு இருந்தும் செயலி ஏன் திறப்பதில்லை?

சுண்ணாம்புக்குளம், பழவேற்காடு போன்ற ஏரிக்கரை ஊர்களின் மீனவருக்குக் காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்பதைக் கைபேசியே சொல்லும் காலம் இது. ஐதராபாத்தின் இன்காய்ஸ் மையம் தரும் முன்னறிவிப்பை, சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ போன்ற செயலிகள் கொண்டுசேர்க்கின்றன. பொதுவாக வரைபடம் வரைவது போன்ற வேகம் தேவைப்படும் வேலைகளைச் சி, சி++ மொழிகளில் எழுதி, கம்பைலரால் எந்திர மொழிக்கு மாற்றி, ‘ஷேர்டு லைப்ரரி’ என்ற தனிக் கோப்பாகச் செயலியோடு சேர்ப்பார்கள். அது நினைவகத்தில் ஏறாவிட்டால் செயலி நின்றுவிடும். ‘லைப்ரரி கிடைக்கவில்லை’ என்ற செய்தி பதிவாகும். அந்தச் செய்தியை அப்படியே நம்பக் கூடாது. பல நேரங்களில் கோப்பு அங்கேயே இருக்கிறது. அதை உருவாக்கிய கம்பைலருக்கும் அழைக்கும் தரப்புக்கும் உடன்பாடுதான் இல்லை.

யார், எங்கே, எந்த முறையில் வலை விடுவது என்பதைப் பழவேற்காட்டில் பாடு முறை வகுத்திருப்பதுபோல, கம்பைலர்களுக்கும் ஒரு பொது ஒழுங்கு வேண்டும். சி++ ஃபங்ஷனின் பெயரைக் கம்பைலர்கள் வெவ்வேறு வழிகளில் மாற்றி எழுதுகின்றன: ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் பொதுவாக அடிக்கோடும் ‘இசட்’டும் வைத்துத் தொடங்கும், மைக்ரோசாப்ட் கம்பைலர் கேள்விக்குறியில் தொடங்கும். ஒரு வழியில் எழுதிய பெயரை மற்ற வழியில் தேடினால் அகப்படாது. ஒரே கம்பைலரும் மாறும். 2015இல் வந்த ஜிசிசி 5, எழுத்துச் சரங்களை நினைவகத்தில் வைக்கும் அமைப்பையே மாற்றியது. 2018இல் ஆண்ட்ராய்டின் என்டிகே என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பின் 18ஆம் பதிப்பு, ஜிசிசியையும் பழைய சி++ துணை லைப்ரரிகளையும் நீக்கிக் கிளாங்கை மட்டும் வைத்துக்கொண்டது.

ஆகவே சோதனைக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் சிப்பின் வகை: 64 பிட் வடிவம் கட்டாயம் என்று கூகுள் பிளே 2019 ஆகஸ்டில் விதித்தது, 2022இன் பிக்சல் 7, 32 பிட் மட்டுமே உள்ள செயலியை ஏற்பதில்லை, பல பழைய கைபேசிகளுக்கோ 32 பிட்தான் வேண்டும். அடுத்து, அந்த லைப்ரரி நம்பியிருக்கும் பிற லைப்ரரிகள். கணினியிலும் இதே நிலைதான்: விண்டோஸ் 126ஆம் எண் பிழையைக் காட்டும்போது, பெயர் சொல்லப்பட்ட கோப்பு இருந்து அதன் துணைக்கோப்பு இல்லாமல் போயிருக்கலாம். 193 வந்தால் பெரும்பாலும் 32, 64 பிட் முரண். இவை சரியாக இருந்தால் மட்டுமே ஃபங்ஷன் பெயர்களை ஒப்பிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கம்பைலரில் உருவாக்கினால் போதாதா என்று கேட்கலாம். மூல நிரல் கையில் இருந்தால் அதுவே நல்லது. ஆனால் வெளியாரிடமிருந்து வாங்கும் லைப்ரரி பெரும்பாலும் எந்திர வடிவிலேயே வருகிறது. அதனால் செயலியும் லைப்ரரியும் சந்திக்கும் எல்லையில் சி மொழியின் எளிய ஃபங்ஷன்களை மட்டும் வைப்பதும், நினைவகத்தை ஒதுக்கிய தரப்பே விடுவிப்பதும் பாதுகாப்பான வழி. இது சி++இன் வசதிகளைக் குறைக்கிறது, வேலையைக் கூட்டுகிறது என்பது நியாயமான மறுப்பு. அந்தக் கூடுதல் வேலை நிரலாளருக்கு ஒருமுறைதான். அதைத் தவிர்த்தால், கடலுக்குப் புறப்படும் நேரத்தில் எச்சரிக்கை கிடைக்காமல் போகும் ஆபத்து மீனவர் தலையில் விழும். விலை குறைந்த பழைய கைபேசியிலும் திறந்து பார்க்காமல் இத்தகைய செயலியை வெளியிடக் கூடாது.